மூன்று வினாடி

செட்டிக்குளம் ஜங்ஷனில், டயர் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.
இரவு ஷிப்டுக்கு நானும் ஒரு யு.பி.எஸ்ஸும்.
அது முனகும். எனக்குச் சம்பளம் உண்டு.

இங்கிருந்துதான் தேங்காய்ப்பட்டணத்துக்கும் முட்டத்துக்கும்
அலையின் உயரம் போகிறது.
காற்று எந்தப் பக்கம், என்ன வேகம்,
விடியலில் இறங்கலாமா.
கணக்குப் போடுவது ஒரு சின்ன நிரல்.
குடியிருப்பது ஒரு கன்டெய்னருக்குள்.
கப்பலில் வரும் இரும்புப் பெட்டி இல்லை,
தொட்டுக் காட்ட முடியாத பெட்டி.

அதற்கொரு குணம். மூச்சு முட்டினால் செத்துப்போகும்.
செத்த கையோடு பக்கத்து சர்வரில் பிறக்கும்,
அதே பெயர், அதே கணக்கு.
முகவரி மட்டும் வேறு.
பத்து புள்ளி இருநூற்று நாற்பத்து நான்கு என்று தொடங்கும்,
வால் பிறவிக்கு ஒன்று.

உள்ளே இருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியும்.
வாசலில் நிற்கும் ரவுட்டருக்குத் தெரியாது.
யாராவது சொல்ல வேண்டும்.
யாராவது என்றால் நான்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு பத்து.
கரண்ட் மூன்று தரம் போய் வந்தது.
துறைமுகத்திலிருந்து ரெக்ஸின்:
'எக்கா, படம் வரல்ல. வட்டம் மட்டும் கெடந்து சுத்துது.
நாப்பது வள்ளம் நிக்குது.'

என் திரையில் எல்லாம் பச்சை.
நிரல் உயிரோடிருந்தது,
கேட்க ஆள் வராத அறையில்
அலையை அளந்துகொண்டே இருந்தது.
இரண்டே கால் மீட்டர். இரண்டரை.

புது வழியைத் தட்டினேன். வரவில்லை.
மறுபடி தட்டினேன்.
அரை மணி கழித்துதான் கண்ணில் பட்டது
போன வாரம் செத்த ஒன்றுக்கு
நானே எழுதி, நானே அழிக்க மறந்த வரி.
ரவுட்டர் சொல்பேச்சு கேட்கும் பிள்ளை.
கேள்வி எல்லாவற்றையும்
அந்த இல்லாத முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.
எதுவும் திரும்பவில்லை,
'இல்லை' என்றுகூட.

பதினொரு வள்ளம் படம் பார்க்காமலே இறங்கின.
எல்லாம் கரை சேர்ந்தன, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.
ரெக்ஸினின் சித்தப்பாவுக்கு மட்டும் தோள் எலும்பு.

அதற்குப் பிறகுதான் எழுதினேன்.
இருநூறு வரி இருக்காது.
எது எங்கே பிறந்தாலும் பார்த்து வாசலுக்குச் சொல்லும் ஒரு காவல்:
'இவரைத் தேடி வருகிறவர்கள்
இந்த சர்வர் வழியாக வரட்டும்.'
அதைச் சொல்லவைக்க ஒரு மத்தியானம் போதும்.
சொன்னதைத் திரும்ப வாங்கத்தான்
பதினாறு நாள் ஆயிற்று.

எப்போது செத்தது என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமே.
ஒரு தரம் கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால் சாவா?
வேலை மும்முரமாக இருக்கலாம்.
மழையாக இருக்கலாம்.
பத்து தரம் என்று வைத்தேன்.
கூடுதல் என்றார் மேலாளர் டென்னிசன்.
யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தவர் இல்லை அவர்.
வினாடிக்கு ஒன்றாக, மூன்று என்று முடித்தோம்.
அப்புறம் வரி அழியும்.

அது தானே ஓடிய முதல் ராத்திரி
நான் குளச்சலில், வீட்டில்.
இரண்டு பத்துக்கு விழிப்பு வந்தது.
பதிவைத் திறந்தேன்.
இரண்டு தரம் செத்திருக்கிறது,
இரண்டு தரம் வழி மாறியிருக்கிறது.
துறைமுகத்தில் படம் ஒரு இமைப்பு நின்று
ஓடியிருக்கும்.
ரெக்ஸின் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்திருப்பான்.

ஃபோனை வைக்கப் போனவள்
விரலைக் கீழே இழுத்தேன்,
லியோன் என்ற பெயர் வரைக்கும்.
எனக்கு இரண்டு வயது இளையவன்.
கடலுக்குப் போய் ஏழு வருஷம்.
அந்த நம்பர் இப்போது திருப்பூரில் யாரிடமோ.
ஒருமுறை எடுத்தார்.
பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
'யாருங்க வேணும்?' என்றார், மரியாதையாக.

இந்த வரியை என் காவல் பார்ப்பதில்லை.
நானும் சொல்லவில்லை.